எதில் ஐம்பத்தெட்டு?

சாஸ்கடூன் நகரத்தில் பனி ஹாக்கி ஆட்டக்காரர் சங்கத்தின் அலுவலகம் ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடியில் இருந்தது. மொத்தம் மூன்று நாற்காலிகள். ஒன்று தலைவர் ராஸ் மாக்லினுக்கு. இருபது வருஷம் கோல் காத்து இரண்டு முழங்காலையும் பனிக்குக் கொடுத்தவர். ஒன்று வருகிறவர்களுக்கு. மூன்றாவதில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவர் வெர்னா ஸ்டாசுக்.

வெர்னா வக்கீல் அல்ல. பட்டம் பெற்ற கணக்காளரும் அல்ல. கனோரா ஊர்ப் பக்கத்துக் கோதுமை விவசாயி வீட்டில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதப் போனவர். லாரி நிறைந்து வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தானியம். அந்த வேலையில் கற்றது அவருக்கு ஆயுளுக்கும் போதுமாக இருந்தது. ஊரே ஸ்கேட் கட்டிக்கொண்டு திரியும் இடத்தில் வெர்னாவுக்கு மட்டும் பனியில் நிற்க வராது. சங்கத்துப் பையன்கள் வருஷம் தவறாமல் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "நான் விழுந்தா நீங்க எல்லாரும் சம்பளம் இல்லாம நிப்பீங்கடா" என்பார் வெர்னா.

அது வெறும் பேச்சல்ல என்று 2004 ஜனவரியில் தெரிந்தது.

அந்த சீசனில் பிரெய்ரி லீக்கின் எட்டு அணி முதலாளிகளும் சேர்ந்து முந்தின அக்டோபரிலேயே ஆட்டத்தை நிறுத்தி அரங்குக் கதவை அடைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர் சம்பளம் கட்டுக்கடங்காமல் போகிறது, இனி ஒவ்வொரு அணிக்கும் ஒரு சம்பள வரம்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். வரம்பு என்ற பேச்சே ஆகாது என்று சங்கம் நின்றது. மூன்று மாதம் நின்றதில் நின்றவர்களுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. சாஸ்கடூன் அணியின் தலைவன் கெல்வின் டூக், எதிராளியைத் தடுப்புச் சுவரோடு சுவராக ஒட்டுகிறவன், வாகன நிறுத்துமிடங்களில் கூலிக்குப் பனி வழித்துக்கொண்டிருந்தான். நான்கு பேர் சுவீடனுக்கு ஆடப் போய்விட்டார்கள். போக வழி இல்லாதவர்கள் தினமும் சங்கத்துக்கு போன் செய்தார்கள்.

ஜனவரி நடுவில் முதலாளிகளிடமிருந்து ஒரு திட்டம் வந்தது. வரம்பை அவர்கள் இஷ்டத்துக்கு வைக்கப்போவதில்லை. லீக்கின் வருமானத்தோடு கட்டிவிடுவார்கள். வருமானத்தில் நூறு டாலருக்கு ஐம்பத்தெட்டு டாலர் ஆட்டக்காரர்களுக்கு. அதை எட்டால் வகுத்தால் ஓர் அணியின் வரம்பு. வருமானம் ஏறினால் வரம்பு ஏறும், இறங்கினால் இறங்கும்.

மாக்லின் போனை வைத்துவிட்டு முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து கிடைத்தால் கையெழுத்துப் போடலாம் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார்.

நூற்று அறுபத்தெட்டு ஆட்டக்காரர்களுக்கும் திட்டத்தைப் பிரதி எடுத்து அனுப்புவது வெர்னாவின் வேலை. பிரதி எடுக்கிற எதையும் படிக்காமல் அவர் இயந்திரத்தில் வைப்பதில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். இரண்டே வரி. ஹாக்கி வருமானம் என்றால் நுழைவுச்சீட்டு விற்ற பணமும் தொலைக்காட்சி தரும் பணமும் என்று எழுதியிருந்தது. அரங்குக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைகள், வெளியே கார் நிறுத்தும் இடம், சுவர் விளம்பரம், மேல்மாடத்துத் தனி அறைகள் எல்லாம் வேறு கம்பெனிகளின் தொழில். அவை அணிக்குத் தரும் வாடகை மட்டும் வருமானத்தில் சேரும்.

வெர்னா அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மாக்லின் முன்னால் வைத்தார்.

"அம்பத்தெட்டு, வெர்னா. நாம கனவுல கூட அவ்வளவு கேட்கல."

"எதுல அம்பத்தெட்டு?"

"எதுலன்னா? வருமானத்துல."

"அவங்க எதை வருமானம்னு சொல்றாங்கன்னு இந்தப் பக்கத்துல இருக்கு. படிங்க, ராஸ்."

"நம்ம டொராண்டோ வக்கீல் படிச்சுட்டாரு."

"அந்த வக்கீல் நம்ம அரங்கத்துல ஒரு தடவையாவது வரிசையில நின்னு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கியிருக்காரா?"

மாக்லினுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கடைகளில் லாபமே இல்லை என்று லீக் சொல்லியிருந்தது. சாஸ்கடூன் அரங்கில் கடை நடத்தும் கம்பெனி அணிக்கு வருஷ வாடகையாக நாற்பதாயிரம் டாலர்தான் தருகிறது, தாளிலேயே இருக்கிறது. அந்தக் கம்பெனி அணி முதலாளியின் மருமகனுடையது என்பது ஊருக்கே தெரியும். வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொள்கிற வாடகை. தெரிவது வேறு, காட்டுவது வேறு. அவர்கள் கணக்குப் புத்தகத்தை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார் மாக்லின்.

வெர்னா தன் இடத்துக்குப் போய் போனை எடுத்தார்.

அரங்கின் கடைகளில் நின்று வறுவலும் காப்பியும் விற்கிறவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. தேவாலயப் பாடற்குழு, நீச்சல் சங்கம், பள்ளி இசைக்குழுவின் பெற்றோர் என்று ஆளுக்கொரு கடையை எடுத்துக்கொண்டு, சீசன் முழுவதும் முறை வைத்து நிற்பார்கள். ஆட்டம் முடிந்ததும் கம்பெனி அந்தக் குழுவுக்கு விற்பனையில் பத்து சதவீதம் கொடுக்கும். அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் சீருடையும் தேவாலயத்தின் கூரையும் இப்படித்தான் வந்தன. பத்து சதவீதம் கொடுக்கும்போது கூடவே ஒரு சீட்டும் வரும்: இன்றைய விற்பனை இவ்வளவு, உங்கள் பங்கு இவ்வளவு. ஒவ்வொரு குழுவின் பொருளாளரும் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார், ஏனென்றால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் வாசிக்க வேண்டும்.

மருமகன் தன் புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தின் நகல் துண்டு துண்டாக ஊர் முழுக்க, பொருளாளர்கள் சீட்டுப் போட்டு வைக்கும் பழைய ஐஸ்கிரீம் வாளிகளில் கிடந்தது.

வெர்னாவுக்கு இது தெரிந்ததற்குக் காரணம், அவரே உக்ரேனிய நடனக்குழுப் பெற்றோர் சங்கத்துக்கு ஏழு வருஷம் பொருளாளராக இருந்தவர். முதலில் போன் செய்தது பாடற்குழுவின் ஹெல்கா ஃபிரீசனுக்கு.

"போன சீசன் சீட்டெல்லாம் இருக்கா, ஹெல்கா?"

"போன சீசனா? தொண்ணூத்தி ஒண்ணுலேர்ந்து இருக்கு. எதுக்கு, யாராவது செத்துட்டாங்களா?"

வெர்னா விஷயத்தைச் சொன்னார். ஆண்டுக் கூட்டத்தில் வாசித்ததைக் காட்டுவதில் ரகசியம் என்ன இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றார் ஹெல்கா. அப்படியே ஒன்பது கடைகளின் ஒன்பது பொருளாளர்கள். ஒருவர் மட்டும் குழுக் கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்று ஒன்பது நாள் காக்கவைத்தார். வெர்னாவுக்கு அவர்மேல்தான் அதிக மரியாதை வந்தது. வெர்னாவின் கணவர் பெயர் மெட்ரோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மைனஸ் முப்பது குளிரில் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் காப்பி குடித்து, உன் ஹாக்கிக்காரர்களுக்காக என் வயிறு கெட்டது என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

முப்பத்தாறு ஆட்டம், ஒன்பது கடை. முந்நூற்று இருபத்து நான்கு சீட்டு வர வேண்டும். முந்நூற்றுப் பத்தொன்பது வந்தது. விட்டுப்போன ஐந்தையும் சராசரி போட்டு நிரப்பிவிடலாம் என்றார் மாக்லின். வெர்னா சம்மதிக்கவில்லை. ஐந்து கட்டங்களிலும் 'தெரியாது' என்று எழுதினார். பீர் கடைகளைக் குழுக்களிடம் விடுவதில்லை, அதற்கும் 'தெரியாது'. தெரிந்ததை மட்டும் கூட்டியபோது நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர் வந்தது. லீக்கின் தாளில் அந்த இடத்தில் நாற்பதாயிரம் இருந்தது.

மற்ற ஏழு ஊர்களுக்கும் போன் போட்டார். ஐந்தில் இதே வழக்கம், இதே சீட்டு. மூன்று வாரத்தில் பல் மருத்துவரின் மாடியில் சீட்டுக் கட்டுகளால் நடக்க இடமில்லை.

மாக்லின் அந்தக் கூட்டல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு லீக்கின் பேச்சுவார்த்தைக்குப் போனார். எதிரே இருந்த வக்கீல் அதை நெடுநேரம் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 'பாடற்குழுவிடமிருந்து' என்று மாக்லின் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நுழைவுச்சீட்டும் தொலைக்காட்சியும் மட்டும் என்றால் லீக்கின் வருமானம் இரண்டு கோடி டாலர். அதில் ஐம்பத்தெட்டு சதவீதம் என்ற பழைய திட்டம் அப்படியே இருக்கிறது. கடை, கார் நிறுத்தம், விளம்பரம், தனி அறை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் இரண்டு கோடியே அறுபது லட்சம். ஆனால் பங்கு ஐம்பதுதான். இரண்டில் எது வேண்டுமோ ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

வெர்னாவுக்கு அதன் சூட்சுமம் உடனே புரிந்தது. வாழ்நாள் முழுக்க ஸ்கோர் பலகையைப் பார்த்து வளர்ந்த பையன்கள் ஐம்பதையும் ஐம்பத்தெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பார்கள் என்று லீக்குக்குத் தெரியும். இந்த ஓட்டு தவறிப்போனால் எட்டு வருஷத்துக்கு அதுதான் ஒப்பந்தம். அதற்குள் இன்னும் என்னென்ன வருமானம் வேறு கம்பெனி என்ற கதவுக்குப் பின்னால் போய்விடும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி பிற்பகல், பனியில் கல் நகர்த்தி ஆடும் கர்லிங் கிளப்பின் மேல்தளத்தில் எட்டு அணி ஆட்டக்காரர்களும் கூடினார்கள். நூற்று அறுபத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். சுவீடன் போன நால்வர்கூட கைக்காசு போட்டுத் திரும்பியிருந்தார்கள். மாக்லின் கணக்கைப் பலகையில் எழுதினார். இரண்டு கோடியில் ஐம்பத்தெட்டு, ஒரு கோடியே பதினாறு லட்சம். இரண்டு கோடி அறுபதில் ஐம்பது, ஒரு கோடியே முப்பது லட்சம். கூட்டம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஐந்து மாதம் சம்பளம் இல்லாதவனின் காதில் கணக்கு ஒரு பக்கமாகத்தான் நுழையும். முதலாளிகள் தாமாகவே குறைந்த பங்கைத் தர முன்வருகிறார்களென்றால் அதில்தான் ஏதோ வலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். பலர் தலையாட்டினார்கள்.

டூக் எழுந்தான். அவன் பேசினால் பாதி அறை அவன் பின்னால் போகும்.

"ராஸ், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு மாசம் நாங்க பனி வழிச்சோம். இப்ப அம்பத்தெட்டை வேண்டாம்னுட்டு அம்பது வாங்கிட்டு வீட்டுக்குப் போய், என் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்றது? வறுவல்ல பங்கு வாங்கிட்டு வந்தேன்னா?"

அறை சிரித்தது. மாக்லின் பலகைக்குத் திரும்பி அதே கணக்கை மறுபடி ஆரம்பித்தார். அது எடுபடாது என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. அவர் கூட்டங்களில் பேசுவதில்லை. குறிப்பு எழுதுவதுதான் வேலை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். சொல்லப்போகும் விஷயத்தை மெட்ரோவைத் தவிர வேறு யாரிடமும் பன்னிரண்டு வருஷமாக அவர் பேசியதில்லை.

"கெல்வின், உன்னை மாதிரியே ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பெருமையா சொன்னா. நான்தான் அது. உட்காரு, சொல்றேன்."

டூக் உட்கார்ந்தான்.

வெர்னா சொன்னார். நடனக்குழுவுக்குப் பொருளாளராக இருந்தபோது கடை கம்பெனியோடு புது ஒப்பந்தம் பேசப்போனது அவர்தான். அப்போது குழுவின் பங்கு எட்டு சதவீதம். கம்பெனிக்காரன் தானாகவே பன்னிரண்டு தருகிறேன் என்றான். எட்டைப் பன்னிரண்டாக்கிவிட்டேன் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தி கேக் செய்து கொண்டுவந்தாள். 'விற்பனை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பானங்கள் நீங்கலாக' என்று இரண்டு சொல் இருந்ததை வெர்னா பார்க்கவில்லை. காப்பியும் சோடாவும் போனால் கடையில் பாதிக்கு மேல் போயிற்று. முந்தின சீசனில் முப்பதாயிரத்தில் எட்டு சதவீதம், இரண்டாயிரத்து நானூறு டாலர். அந்த சீசனில் பதினாலாயிரத்தில் பன்னிரண்டு சதவீதம், ஆயிரத்து அறுநூற்று எண்பது.

"எழுநூத்தி இருபது டாலர் குறைஞ்சுது. அந்த வருஷம் பிள்ளைங்களுக்குச் சிவப்பு பூட்ஸ் வாங்கணும்னு இருந்தோம். பழசுலயே ஆடினாங்க. என் ரெண்டு பொண்ணுங்களும் அதுல இருந்தாங்க. ஆண்டுக் கூட்டத்துல அதை நின்னு வாசிச்சேன். யாரும் திட்டல. கேக் செஞ்சவ மட்டும் என்னைப் பார்க்காம தரையைப் பார்த்தா."

வெர்னா டூக்கை விட்டுவிட்டு அறை முழுவதையும் பார்த்துப் பேசினார்.

"எனக்குத் தானியக் கிடங்குல பதினெட்டு வயசுலயே சொல்லிக்கொடுத்தாங்க, வண்டியை நிறுக்காம தானியத்தை நிறுக்காதேன்னு. தெரிஞ்சிருந்தும் ஏமாந்தேன். பன்னெண்டுங்கிற நம்பர் அவ்வளவு அழகா இருந்துச்சு. இப்ப உங்களுக்கு அம்பத்தெட்டு அழகா இருக்கு. எவ்வளவு பங்குன்னு கேட்காதீங்கப்பா. எதுல பங்குன்னு கேளுங்க."

பின்வரிசையில் இருந்த ரெஜைனா அணியின் கோல்காரன் கையைத் தூக்கினான். அவர்கள் எல்லாவற்றையும் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த வருஷம் மறுபடி ஒளித்தால் என்ன செய்வது என்று கேட்டான். கூட்டத்தில் அன்று வந்த நல்ல கேள்வி அதுதான் என்று வெர்னா பின்னால் சொல்வார். ஐம்பதுக்கு ஓட்டுப் போட்டால், சங்கத்தின் ஆள் ஒருவர் எட்டு அரங்கிலும் எந்த நாளும் எந்தத் தாளையும் பார்க்கலாம் என்று ஒரு விதியைச் சேர்க்காமல் ராஸ் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவனுக்குப் பதில் சொன்னார்.

"யாரு போய்ப் பார்ப்பாங்க?"

"நான்தான். பனிமேல நடக்கச் சொல்லாத வரைக்கும்."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. டூக் திரும்ப எழுந்து, நேரே ஓட்டுப் பெட்டிக்குப் போய்த் தன் சீட்டைப் போட்டுவிட்டு வந்தான். எதற்குப் போட்டான் என்று சொல்லவில்லை. ஐம்பதுக்குத் தொண்ணூற்றேழு, ஐம்பத்தெட்டுக்கு எழுபத்தொன்று. லீக் வக்கீல் முடிவைக் கேட்டுவிட்டு, திரும்ப எண்ணினீர்களா என்று விசாரித்ததாக மாக்லின் வந்து சொன்னார். இரண்டு தரம் எண்ணியாகிவிட்டது. எண்ணியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

தாள் பார்க்கும் விதிக்கு லீக் எட்டு நாள் முரண்டு பிடித்தது. பிறகு ஒத்துக்கொண்டது. அந்த அக்டோபரில் ஆட்டம் தொடங்கியபோது ஐம்பத்து நான்கு வயது வெர்னா, தடித்த காலணியும் கம்பளித் தொப்பியுமாக, எட்டு ஊருக்கும் பேருந்தில் போய்வந்தார். வின்னிபெக் பக்கத்து அரங்கில் ஒரு மேலாளர் அவரைத் துப்புரவு வேலைக்கு வந்தவர் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார். வெர்னா பின்வாசல் வழியாகவே போனார். சரக்கு வந்திறங்குவது அங்கேதான். அவருக்குப் பார்க்க வேண்டியதும் அதுதான். பெரிய கணக்குக் கம்பெனிகளின் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து போட்ட கூட்டலில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் இரண்டு மாத வசூல் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது மாக்லின்தான், வெர்னா அல்ல. முதல் வருஷ முடிவில் வருமானம் இரண்டு கோடியே எழுபத்திரண்டு லட்சம். ஓர் அணியின் வரம்பு பதினேழு லட்சம். அவ்வளவு சம்பளத்தை அந்த லீக் அதற்குமுன் கண்டதில்லை. ஊரில் வெர்னாவைப் பார்த்தால் ஆட்டக்காரர்களின் மனைவிமார் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து பேசினார்கள்.

ஆனால் அந்த வருஷத்தை வைத்து வெர்னாவை அளக்கக் கூடாது. ஏறுகிற வருஷத்தில் எல்லாக் கணக்கும் இனிக்கும்.

இரண்டாம் வருஷம் வறட்சி. கோதுமை விலையும் விழுந்தது. அரங்குகளில் பாதி நாற்காலி காலி. வருமானம் இரண்டு கோடி நாற்பது லட்சத்துக்கு வந்து நின்றது. வரம்பு பதினைந்து லட்சத்துக்கு இறங்கியது. இறங்கும்போது அதே விதி அதே வேகத்தில் வேலை செய்தது. அணிகள் ஆள் குறைத்தன, மிஞ்சியவர்களின் சம்பளத்தை வெட்டின. டூக்குக்கு அப்போது முப்பத்தைந்து வயது; அவன் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு போனது.

வரம்பை அறிவிக்கும் தாள் அந்த வருஷம் சங்கத்திலிருந்துதான் முதலில் போக வேண்டும். லீக் சொல்லித் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று மாக்லினிடம் வாதாடி, வெர்னா தன் கையெழுத்திலேயே அனுப்பினார். அனுப்பிவிட்டு இரண்டு நாள் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவரே எடுத்துப் பேசினார். கோபித்தவர்கள் உண்டு. முதலாளிகளையும் வானத்தையும் திட்டியவர்கள் உண்டு.

மூன்றாம் நாள் காலை டூக் மாடிப்படி ஏறி வந்தான். பயிற்சிக்குப் போகும் வழி. தோளில் பை இருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மேசைமேல் எட்டு ஊரின் தாள்களும் அடுக்கியிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், தொடவில்லை.

"வெர்னா, நீங்களே பாத்தீங்களா?"

"எட்டு இடமும் நான்தான் போனேன்."

"கடை, காரு எல்லாம்?"

"எல்லாம். மூஸ் ஜாவுல மட்டும் மூணு நாள் சீட்டு கிடைக்கல. அதை அப்படியே எழுதியிருக்கேன். கிடைச்சாலும் வரம்பு ஒரு ஆயிரம் டாலர்தான் மாறும்."

டூக் தலையாட்டினான். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"சரி. கீழே பசங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நீங்களே பாத்தீங்கன்னு சொல்லிடறேன்" என்றான்.

வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவில் ஒரு வண்டியில் நான்கைந்து பேர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்கள். டூக் குனிந்து உள்ளே ஏதோ சொன்னான். பின் கதவு திறந்தது, அவன் ஏறிக்கொண்டான், வண்டி அரங்குப் பக்கமாகத் திரும்பியது.